பெட்டி நம்முடையது, சாவி யாருடையது?

தொழிற்சங்கக் கிளை அலுவலகம் ஒன்று. மூலையில் ஒரு மேசை. மேசைமேல் ஒரு கணினி. உறுப்பினர் சந்தாக் கணக்கு, வழக்குத் தேதிகள், நிர்வாகத்துக்கு எழுதிய மனுக்களின் நகல்கள், விபத்தில் கையிழந்த தொழிலாளிக்காகத் தயாரித்த நட்டஈட்டு விண்ணப்பம், எல்லாம் அதற்குள்தான். ஐந்தும் பத்துமாகத் தொழிலாளர்கள் போட்ட பணத்தில் வாங்கிய பெட்டி அது. பழுது ஏதும் இல்லை. காலையில் பொத்தானை அழுத்தினால் எழுகிறது. மாலையில் அணைத்தால் உறங்குகிறது.

அந்தப் பெட்டியின் திரையில் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. "இந்தக் கணினி விண்டோஸ் 11 கேட்கும் தகுதிகளை நிறைவு செய்யவில்லை" என்றது. கடைக்காரரைக் கேட்டார்கள். "பழசாகிவிட்டது, எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்றார். சங்கச் செயலாளர் நம்மிடம் வந்து கேட்டார்: "நன்றாக உழைக்கிற பெட்டியை ஏன் எறிய வேண்டும்?"

நியாயமான கேள்வி. ஆலையில் இருபது ஆண்டு உழைத்தவனை, கை கால் திடமாக இருக்கும்போதே, "உனக்கு வயதாகிவிட்டது, வெளியே போ" என்று சொன்னால் நாம் என்ன கேட்போமோ, அதே கேள்விதான் இது. ஆகவே பதிலைத் தேடினோம். கண்டதைக் கூறுகிறோம்.

தகுதியின்மை யாருடையது?

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015 ஜூலையில் வெளியிட்டது. 2025 அக்டோபர் 14 ஆம் தேதியோடு அதற்குரிய பாதுகாப்புத் திருத்தங்களை வழக்கமாக வழங்குவதை நிறுத்திக் கொண்டது. தனி மனிதர்களுக்கு மேலும் ஓராண்டு நீட்டிப்பு என்று அறிவித்தது, அதுவும் நிபந்தனைகளோடு. பெட்டி அன்றே நின்றுவிடவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு ஒட்டுப்போட ஆள் இல்லை. கூரையில் ஓட்டை விழுந்தால் மாற்றித்தர மாட்டேன் என்று வீட்டுக்காரன் சொன்னால், மழை வரும்வரை வீடு வீடுதான். மழை வந்த பிறகு?

சரி, புதிய விண்டோஸ் 11க்கு மாறலாமே என்றால், அது 2021 இல் வந்தபோதே நிபந்தனைப் பட்டியலோடு வந்தது. 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம் என்பதெல்லாம் பெரிய காரியமல்ல. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வேண்டும். இன்டெல் செயலியானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். நமது சங்கக் கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறைச் செயலி. 8 ஜி.பி. நினைவகம். கணக்கெழுத, கடிதம் அடிக்க, செய்தி படிக்க இது போதாதா? தாராளமாகப் போதும். ஆயினும் பட்டியலில் பெயர் இல்லை. ஆகவே வாசலில் இடமில்லை.

அந்தச் சிப்பு வீண் என்று நாம் சொல்லவில்லை. கடவுச் சாவிகளைக் காப்பதில் அதற்குப் பயன் உண்டு. ஆனால் ஒரு பூட்டு நல்ல பூட்டு என்பதற்காக, அந்தப் பூட்டு இல்லாத வீடுகளையெல்லாம் இடித்துவிட வேண்டுமா? அதுதான் நமது கேள்வி.

மாற்று உண்டா?

உண்டு. 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அதற்கு முன்பே 1983 இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம், இரண்டும் சேர்ந்து பிறந்தவை பல இயங்குதளங்கள். அவற்றுள் ஒன்று 1993 இல் தொடங்கப்பட்ட டெபியன். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் சேர்ந்து ஆக்குவது, முதலாளி இல்லாதது. அதன் 13 ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. நமது ஆறாம் தலைமுறைச் செயலியில் தங்குதடையின்றி ஓடும். விலை இல்லை, நகலெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கலாம், அது திருட்டு அல்ல, உரிமை.

"அப்படியானால் இன்றே விண்டோஸை அழித்துவிட்டு இதைப் போட்டுவிடலாமே!" என்று இளந்தோழர் ஒருவர் துள்ளினார். நாம் தடுத்தோம். சங்கத்தின் பத்தாண்டுக் கணக்கும் அதே வட்டில் இருக்கிறது. ஆழம் தெரியாமல் காலை விடலாமா? வேலைநிறுத்தத்துக்கு முன் வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் நாம். இதற்கும் ஒரு முன்னோட்டம் வேண்டாமா?

அந்த முன்னோட்டத்துக்குத்தான் மெய்நிகர் இயந்திரம் என்ற ஏற்பாடு இருக்கிறது. விர்ச்சுவல் மெஷின் என்று கணினிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பெட்டிக்குள் பெட்டி

மெய்நிகர் இயந்திரம் என்றால் மந்திரமோ மாயமோ அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் கணினிக்குள், மென்பொருளால் ஆன இன்னொரு கணினி. அதற்கென்று நினைவகத்தில் ஒரு பங்கு. செயலியில் ஒரு பங்கு. அதன் வன்வட்டு என்பது உண்மையில் நம் வட்டிலுள்ள ஒரு பெரிய கோப்பு மட்டுமே. உள்ளே ஏறும் இயங்குதளத்துக்கோ, தான் ஒரு முழுக் கணினியின்மேல் அமர்ந்திருப்பதாகவே நினைப்பு. வெளியே இருப்பது வீட்டுக்காரன். உள்ளே இருப்பது விருந்தாளி. விருந்தாளி தன் அறையில் என்ன கலகம் செய்தாலும், வீட்டுக்காரனின் அலமாரி கலைவதில்லை.

இது யாருக்காகப் பிறந்தது தெரியுமா? கணினி என்பது பெரும் நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய பொருளாக இருந்த 1960களில், ஒரே இயந்திரத்தைப் பலர் ஒரே நேரத்தில், தனித்தனி இயந்திரம் போலப் பயன்படுத்துவதற்காக ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் உருவானது. 1972 இல் வி.எம்./370 என்ற பெயரில் அந்த நிறுவனமே அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண மேசைக் கணினிக்கு அது இறங்கி வந்தது 1999 இல், வி.எம்.வேர் நிறுவனத்தின் மூலம். 2005 க்குப் பிறகு இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் செயலிகளிலேயே அதற்கான வசதியைப் பொறித்துவிட்டன.

இன்று 'மேகக் கணினி' என்று பெரிய நிறுவனங்கள் மாத வாடகைக்கு விடுகின்றனவே, அதில் பெரும்பகுதி இந்த மெய்நிகர் இயந்திரங்கள்தாம். ஒரே நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துப் பலருக்குக் குத்தகைக்கு விடும் வித்தை. அந்த வித்தை நமது மேசையிலுள்ள பழைய பெட்டியிலும் இருக்கிறது. அவர்கள் அதை வைத்துக் கோடி கோடியாகச் சம்பாதிக்கும்போது, நாம் அதை வைத்து ஒரு பெட்டியைக் காப்பாற்றிக்கொள்ளக் கூடாதா?

நாம் செய்து பார்த்தது

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. செயலாளர், இளந்தோழர், நாம். முதற் காரியமாகச் சங்கக் கணக்குகள் முழுவதையும் வெளி வட்டு ஒன்றில் நகலெடுத்துப் பெட்டியிலிருந்து கழற்றி வைத்தோம். இதைச் செய்யாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

மெய்நிகர் இயந்திரத்துக்கு வர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை எடுத்தோம். இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் ஆக்கியது. 2008 இல் சன் நிறுவனத்திடம் போய், 2010 இல் ஆரக்கிளின் கைக்கு வந்தது. அதன் அடிப்படைப் பகுதி கட்டற்ற உரிமம் உடையது, யாரும் பயன்படுத்தலாம். ஆனால் 'எக்ஸ்டென்ஷன் பேக்' என்று ஒரு கூடுதல் பொதி அருகிலேயே வைத்திருக்கிறார்கள். அது சொந்த உபயோகம், கல்வி, பரிசோதனை ஆகியவற்றுக்கு மட்டுமே இலவசம். சங்க அலுவலகத்துக்கு அது வேண்டாம். இந்த வேலைக்குத் தேவையும் இல்லை. கருவாட்டுத் துண்டு எங்கே இருக்கிறதோ, எலிப்பொறி அங்கேதான் இருக்கும்.

டெபியனின் ஐ.எஸ்.ஓ. கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினோம். சிறிய நிறுவல் கோப்பு ஒரு ஜி.பி.க்கும் குறைவு, மீதியை நிறுவும்போது இணையத்திலிருந்து அதுவே எடுத்துக் கொள்கிறது. இறக்கியது பழுதின்றி வந்ததா என்று பார்க்க, ஷா256 என்ற 64 எழுத்துச் சரிபார்ப்புக் குறியை ஒப்பிட்டோம். அரிசி வாங்கினால் எடை பார்க்கிறோம். இதையும் பார்க்க வேண்டும்.

பிறகு புதிய இயந்திரம் ஒன்றை வரையறுத்தோம். 8 ஜி.பி.யில் அதற்கு 4 ஜி.பி. விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டு வீட்டுக்காரன் பட்டினி கிடக்கக் கூடாது. ஆகவே பாதிக்குமேல் கொடுக்கவில்லை. செயலியில் இரண்டு பங்கு. 30 ஜி.பி. மெய்நிகர் வட்டு, அது முதலிலேயே முழு இடத்தையும் விழுங்குவதில்லை, உள்ளே எழுத எழுத வளரும்.

இங்கே ஒரு சறுக்கல். ஐ.எஸ்.ஓ. கோப்பைக் காட்டியதும், 'ஆளில்லா நிறுவல்' என்று வர்ச்சுவல்பாக்ஸ் தானே எல்லாவற்றையும் செய்ய முன்வருகிறது. நாமும் கவனியாமல் விட்டுவிட்டோம். எழுந்து வந்த இயந்திரத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அது வைத்தவை. நிர்வாக உரிமையும் நம் கையில் இல்லை! ஆளில்லாமல் நடக்கும் வேலையைத் தொழிலாளி ஏன் சந்தேகிக்க வேண்டும் என்பது அன்று இன்னொரு முறை விளங்கியது. அதை அழித்துவிட்டு, அந்த வசதியை விலக்கி, மறுபடியும் தொடங்கினோம். நட்டம் அரைமணி நேரம்.

அதற்கும் முன்பே இன்னொரு சறுக்கல்: இயந்திரம் ஓடவே மறுத்தது. செயலியிலுள்ள மெய்நிகர் வசதி பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருந்தது. பெட்டியை மறுபடி எழுப்பி, பயாஸில் நுழைந்து அதை இயக்கினோம். சில கணினிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி ஏற்கெனவே அந்த வசதியைப் பிடித்துக் கொண்டிருந்தால், வர்ச்சுவல்பாக்ஸின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை ஒன்று தோன்றும். வேலையும் ஆமை வேகமாகும். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்ற பழமொழியை நாம் நம்புகிறவர்கள் அல்ல. ஆனால் இந்த ஆமையை மட்டும் வெளியேற்றத்தான் வேண்டும்.

அழிக்கட்டுமா என்று கேட்டபோது

நிறுவல் தொடங்கியது. டெபியன் கேட்கும் முதற் கேள்வியே, "எந்த மொழி?" என்பது. பட்டியலில் தமிழ் இருக்கிறது. தெரிவு செய்தோம். அடுத்தடுத்த கேள்விகள் தமிழில் வந்தன. மொழிபெயர்ப்பு சில இடங்களில் கரடுமுரடுதான். ஆனாலும் செயலாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டார். அதுவரை இளந்தோழரின் தோளுக்குப் பின்னால் நின்றவர் அவர். தன் மொழியில் கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவன் எவன்?

நிர்வாகக் கடவுச்சொல் கேட்டபோது வெறுமையாக விட்டோம். அப்படி விட்டால் முதற் பயனருக்கே நிர்வாக அதிகாரம் வந்துவிடும். அதன்பின் வந்தது அச்சுறுத்தும் கேள்வி: முழு வட்டையும் பயன்படுத்தட்டுமா, அதிலுள்ளவை அழியும், மாற்றங்களை எழுதட்டுமா? செயலாளரின் கை நின்றது. "நம் கணக்கு?" என்றார். விளக்கினோம். அது சொல்லும் வட்டு, நாம் ஆக்கிய 30 ஜி.பி. கோப்பு. அதற்கு வெளியே ஒரு வட்டு இருப்பதே அதற்குத் தெரியாது. அவர் மூச்சை இழுத்துக்கொண்டு "ஆம்" என்பதை அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை, கணக்குகள் இருந்த இடத்தில் இருந்தன. இந்த அச்சத்தை ஒரு முறை கடப்பதற்காகவே மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவிப் பார்க்கலாம் என்போம். நாளை மெய்யான வட்டில் அதே கேள்வி வரும்போது, அதன் பொருள் தெரிந்து பதில் சொல்வார்.

மேசைச் சூழலில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்ற இலேசானதைத் தேர்ந்தோம். பழைய பெட்டிக்கு அது ஏற்றது. துவக்க நிரலான கிரப்பை அந்த மெய்நிகர் வட்டிலேயே எழுதச் சொன்னோம். முடிந்ததும் மறுபடி எழுந்தது. புதிய திரை, பெயர், கடவுச்சொல், உள்ளே நுழைந்தாகிவிட்டது. சுட்டி உள்ளே சிக்கிக்கொண்டால் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்தினால் வெளியே வரும்.

உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தோம். அந்த நொடியின் நிலையை அப்படியே பதிந்து வைக்கும் வசதி அது. பிறகு இளந்தோழரிடம், "உன் கைவரிசையைக் காட்டு" என்றோம். அவர் முக்கியமான கோப்புறை ஒன்றை வேண்டுமென்றே அழித்தார். இயந்திரம் விழுந்தது, எழவில்லை. ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினோம். சற்று நேரத்தில் பழையபடி நின்றது. தவறு செய்து கற்கலாம், தண்டனை இல்லை என்ற பள்ளிக்கூடம் ஏழைப் பிள்ளைக்கு எங்கே கிடைக்கிறது? இங்கே கிடைக்கிறது.

உரைத்துப் பார்த்தால்

இரண்டு வாரம் அந்த விருந்தாளியிடமே சங்க வேலையைக் கொடுத்தோம். சந்தாக் கணக்கு லிபர்ஆபிஸில் திறந்தது, கூட்டல் பிசகவில்லை. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் மூலம் வேலை செய்தது. ஆனால் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த துண்டறிக்கைகள் ஒருங்குறிக்கு மாற்றாமல் சரியாக வரவில்லை. மாற்றி வைத்தோம், எப்படியும் ஒரு நாள் செய்தாக வேண்டிய வேலை அது.

குறைகளையும் மறைக்காமல் சொல்வோம். மெய்நிகர் இயந்திரம் மெய்யான இயந்திரத்தைவிட மெதுவாகவே ஓடும். அதை வைத்து லினக்ஸின் வேகத்தை எடை போடக் கூடாது. வைஃபை, திரை, ஒலி ஆகிய மெய்யான உறுப்புகளோடு டெபியன் ஒத்துப் போகுமா என்பதும் இதில் தெரியாது. அங்கே இருப்பவை பாவனை உறுப்புகள். அதற்கு யு.எஸ்.பி. குச்சியிலிருந்து நேராக ஓட்டிப் பார்க்கும் 'லைவ்' முறை உண்டு. 4 ஜி.பி. நினைவகம் மட்டுமே உள்ளவர்கள் மெய்நிகர் இயந்திரத்தை விட்டுவிட்டு நேரே அந்த முறைக்கே போகலாம். ஸ்னாப்ஷாட் நகலாகாது, வட்டே போனால் அதுவும் போகும். திருத்தம் நின்றுபோன விண்டோஸின் மேல் எத்தனை விருந்தாளிகளை வைத்தாலும், வெளிக் கூரையின் ஓட்டை ஓட்டைதான். ஆகவே இது சோதனைக் கூடமே தவிர, குடியிருக்கும் வீடு அல்ல.

விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் ஒன்று சங்கத்துக்குத் தேவைப்படுகிறதே என்றார் செயலாளர். அப்போது வித்தையைத் தலைகீழாக்கலாம். டெபியன் வீட்டுக்காரன், விண்டோஸ் விருந்தாளி! அதற்கு உரிய உரிமம் மட்டும் இருக்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. 2022 இல் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் 7, டி.பி.எம். 2.0 சிப்பையும் மென்பொருளாலேயே உண்டாக்கிக் காட்டுகிறது. எந்தச் சிப்பு இல்லை என்று வாசலில் நிறுத்தினார்களோ, அந்தச் சிப்பைக் காகிதத்தில் வரைந்து காட்டுவது போன்றது இது. "இயற்கை விதி" என்று நம்மிடம் சொல்லப்பட்டது எத்தனை சதவீதம் இயற்கை, எத்தனை சதவீதம் விதித்தது என்று தோழர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இலவசம் என்றால் இளக்காரமா?

"ஓசியில் கிடைப்பது உருப்படுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்துப் பள்ளிக்கூடங்களில் ஆண்டுக்கணக்காகக் கட்டற்ற மென்பொருளில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்கள் என்ன கெட்டுப்போய்விட்டார்கள்?

"ஜெர்மனியின் ம்யூனிக் நகராட்சி லினக்ஸுக்கு மாறிவிட்டு, 2017 இல் மறுபடி விண்டோஸுக்கே போகத் தீர்மானித்ததே?" என்று கேட்கலாம். உண்மைதான். மாற்றம் என்பது ஒரு நாள் தீர்மானத்தில் நிலைத்துவிடுவதில்லை. உபயோகிக்கிறவனின் குறை கேட்கப்பட வேண்டும் என்பதே அதில் நாம் எடுத்துக்கொள்ளும் பாடம். அதனால்தான் அவசரம் வேண்டாம், சோதித்துப் பாருங்கள் என்கிறோம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். மெய்நிகர் இயந்திரத்தில் முன்னோடியான வி.எம்.வேர் நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒரு முறை பணம் கட்டினால் என்றென்றும் உரிமை என்ற விற்பனை முறையை நிறுத்தி, தவணை தவணையாகக் கட்டும் சந்தா முறைக்கு மாற்றியது. பெரிய பெரிய கம்பெனிகளே கையைப் பிசைந்தன. சொந்த வீடென்று நினைத்தவர்கள் ஒரே நாளில் வாடகைக் குடியானவர்கள் ஆனார்கள். முதலாளிக்கு முதலாளியே இப்படி என்றால், சங்க அலுவலகத்துக்கு எப்படி இருக்கும்?

ஆகவே இது கணினிக்காரர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருள் எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை வாங்கியவன் முடிவு செய்வதா, விற்றவன் முடிவு செய்வதா என்ற பிரச்சினை. கைத்தறியும் கடைசல் எந்திரமும் கண்ட தொழிலாளிக்கு இது புதிதல்ல. கருவி யார் கையில் என்பதுதானே நமது பழைய கேள்வி!

தோழர்களே! ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் முன்வாருங்கள். வயது பார்க்க வேண்டாம். படிப்பு பார்க்க வேண்டாம். முதலில் நகல், பிறகு மெய்நிகர் இயந்திரத்தில் சோதனை, பிறகு யு.எஸ்.பி. குச்சியில் ஓட்டம், எல்லாம் திருப்தியானால் மட்டும் மெய்யான நிறுவல். ஒத்துவரவில்லையா? கோப்பை அழித்துவிடுங்கள், ஒரு மாலைப் பொழுதைத் தவிர நட்டமில்லை. கற்றவர் இன்னொரு கிளைக்குப் போய்க் கற்றுக் கொடுங்கள்.

நமது கிளையின் கதை முடிந்தவிதம் இதுதான். மூன்றாம் வாரம் அந்தப் பெட்டியில் டெபியனை நிறுவியவர் இளந்தோழர் அல்ல, செயலாளர். "அழிக்கட்டுமா?" என்று அது கேட்டபோது, வெளி வட்டில் நகல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, அவரே "ஆம்" என்றார். இன்றும் அதே மேசை, அதே பெட்டி. சந்தாக் கணக்கு நடக்கிறது. எடைக்காரன் வந்தால் பழைய செய்தித்தாள் மட்டும்தான் கிடைக்கும்.